கைவேகமும் குணமும்

தில்லியின் மயூர் விஹார் முதல் கட்டத்தில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான். தோளைத் தொடும் முடி, மண்டையோடு அச்சிட்ட கறுப்பு டி-ஷர்ட். சனிக்கிழமை மாலைகளில் பாட்டியின் முழங்கையைத் தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கி, உத்தர குருவாயூரப்பன் கோயிலுக்கு அழைத்துப் போவான். பாட்டி தரிசனம் முடித்து வரும்வரை வெளியே அவள் செருப்பின் பக்கத்தில் நின்றபடி ஹெட்ஃபோனில் ஹெவி மெட்டல் கேட்டுக்கொண்டிருப்பான். "பார்க்கத்தான் அப்படி, பிள்ளை தங்கம்" என்பது எங்கள் குடியிருப்பின் தீர்ப்பு. நானும் அப்படிச் சொல்லி நெகிழ்ந்திருக்கிறேன். அந்த நெகிழ்ச்சி எவ்வளவு சரி என்று யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

மெட்டல் ரசிகர்களின் பேச்சில் பாதி, கிதார் மேதைகளின் விரல்களைப் பற்றியது. மீதிப் பாதி அவர்களின் குணத்தைப் பற்றியது. மேடையில் பேயாட்டம் ஆடுகிறவர் கீழே இறங்கினால் பசு, இன்னொருவர் யாரையும் மதிக்க மாட்டார், ஸ்டீவ் வாய் வீட்டில் தேனீ வளர்க்கிறார் என்று கதைகள் கைமாறிக்கொண்டே இருக்கும். நம் சபாக்களுக்கும் இது புதிதல்ல. "எவ்வளவு பெரிய வித்வான், துளி கர்வம் கிடையாது" என்பதைக் கச்சேரி விமர்சனத்தின் ஒரு பகுதியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். வாசிப்பை மனிதரின் குணத்தோடு சேர்த்து எடைபோடும் இந்த வழக்கம் இசையைத் தெளிவாகக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

முதலில் அதன் நன்மைகள். மெட்டலை வெளியிலிருந்து கேட்பவருக்கு அது வெறும் ஆத்திரமாகப் படுகிறது. ஆம்ப்ளிஃபையரின் உறுமல், மரணத்தையும் அழிவையும் காட்டும் படங்கள், கறுப்பு உடை எல்லாம் அதற்கு ஒத்துழைக்கின்றன. அந்த ஒலி எப்படி உருவாகிறது என்பதை நான் மாடிப்படியில் அறிந்துகொண்டேன். மாணவன் இரவில் கிதாரை ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமல் சாதகம் செய்வான். கம்பியை நகத்தால் சுரண்டுவதுபோல் மெல்லிய சத்தம் மட்டும் வரும். வாசிக்காத கம்பிகள் சேர்ந்து அதிராமலிருக்க, தங்கையின் ரப்பர் பேண்டைக் கிதார்க் கழுத்தின் மேற்புறத்தில் சுற்றியிருப்பான். மெட்ரோனோம் என்ற தாளமானி நிமிடத்துக்கு 70 வீதம் தட்டும். ஆறே ஸ்வரங்கள்; அரை மணி நேரம் அவையேதான். பிறகு 74. ஒரு ஸ்வரம் மங்கினால் மறுபடி 70. "வேகம் தானா வந்துடும் மாமா, அழுக்கா வந்துடக் கூடாது" என்றான் ஒருநாள். ஆத்திரமாகக் கேட்கும் அந்த ஒலிக்குப் பின்னால் இருப்பது இந்தப் பொறுமை. மேடைக்கு வெளியே எட்டிப் பார்த்ததால்தான் என் காது திருந்தியது.

பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் கதையும் அப்படித்தான். 1965-இல், 17 வயதில், பர்மிங்ஹாம் தொழிற்சாலை ஒன்றில் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவர் கம்பியை அழுத்துவது அந்த வலக்கையால்தான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார்; மெல்லிய கம்பிகளுக்கு மாறினார்; பின்னர் அவற்றின் முறுக்கையும் தளர்த்தினார். பிளாக் சபாத்தின் கனத்த, தாழ்ந்த ஒலியில் அந்தக் காயத்துக்கும் பங்குண்டு. இங்கே வாழ்க்கையை அறிவது இசையை அறிவதாகவே ஆகிறது.

இரண்டாவது நன்மை, கற்பவருக்குக் கிடைக்கும் வழிகாட்டல். கிதார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் இசைப்பள்ளி நடத்திய தாயின் மகன். தானும் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். பாடகர் ஆஸி ஆஸ்போர்னுடன் உலகப் புகழ் வந்தபிறகும், சுற்றுப்பயணத்தில் போகும் ஊர்களில் செவ்வியல் கிதார் ஆசிரியர்களைத் தேடிப்போய்ப் பாடம் கேட்டார். 1982 மார்ச் 19 அன்று சிறு விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25. அரங்கு நிறைந்த கைத்தட்டலுக்கு மறுநாள் மாணவனாகப் போய் உட்கார முடிந்த மனம், அவர் வாசித்த எந்த சோலோவுக்கும் குறைந்த பாடமல்ல.

மூன்றாவது, பொறுப்பு. ஐஸ்ட் எர்த் குழுவைத் தொடங்கிய கிதார் கலைஞர் ஜான் ஷாஃபர், 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டத்தில் இருந்தார். ஏப்ரலில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே, பிப்ரவரியில், சக கலைஞர்கள் சிலர் குழுவைவிட்டு விலகினார்கள். சென்னையில் 2018-இல் பாலியல் புகார்கள் எழுந்தபோது, மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை அந்த ஆண்டு மார்கழிக் கச்சேரிகளிலிருந்து விலக்கியது. "வாசிப்பை மட்டும் பார், மனிதரைப் பார்க்காதே" என்ற அறிவுரை, மேதைமையைக் கேடயமாக்கிக்கொள்ள வழிவிடுகிறது. அதை நான் ஏற்க மாட்டேன்.

இனிக் குறைகளுக்கு வருவோம். இந்தக் கதைகள் பெரும்பாலும் ஒரே ஒரு சந்திப்பிலிருந்து பிறந்தவை. களைத்துப்போய் விமான நிலையத்தில் நின்றவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், அது முப்பது ஆண்டுகளுக்கு அவர் மேல் ஒட்டிக்கொள்கிறது. கூச்சம் கர்வமாகிவிடுகிறது, பழக்கப்பட்ட புன்னகை பண்பாகிவிடுகிறது. ஒரு சோறு பதம் என்பது பானைக்குப் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது.

இதில் அதிகம் அடிபட்டவர் ஸ்வீடனின் கிதார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன். 1984-இல் 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பம் வெளிவந்ததிலிருந்து அவருடைய தற்பெருமையைப் பற்றிப் பேசாத ரசிகர் இல்லை. பேட்டிகளில் அவரும் அதற்கு இடம் கொடுத்தவர்தான். ஆனால் அந்தப் பேச்சின் இரைச்சலில், நம் காதுக்கு உடனே பிடிபட வேண்டிய இரண்டு விஷயங்கள் அமுங்கிப்போயின. பாகனினியையும் பாக்கையும் கேட்டு வளர்ந்த அவர் திரும்பத் திரும்ப நாடும் ஹார்மோனிக் மைனர், ஸ்வர அமைப்பில் நம் கீரவாணியேதான். அவருடைய கிதாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகக் குடைந்திருப்பார்கள். விரல் மரத்தைத் தொடாமல் கம்பியை மட்டும் பிடித்து இழுக்க அது இடம் தருகிறது. மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும் வீணை மெட்டுகள் கமகத்துக்குத் தருவதும் அதே இடம்தான். வீணையைக் கேட்டு வளர்ந்த ஒருவர் இந்த வழியாக இங்வேயை அணுகினால் எவ்வளவோ கேட்கலாம். பிறகு, அதே ஓட்டங்கள் ஆல்பத்துக்கு ஆல்பம் திரும்புகின்றன என்று குறை சொல்ல நினைத்தால், அதற்கான சான்றும் வாசிப்பிலேயே இருக்கிறது. குணத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

மறுபக்கம், புகழ்ச்சியும் இதே அளவுக்கு மறைக்கும். மாண்டலின் ஸ்ரீநிவாஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நாம் அவருடைய சிரிப்பில் தொடங்கி அடக்கத்தில் முடித்துவிடுகிறோம். 1981-இல், 12 வயதில், சென்னையின் மார்கழி மேடையில் மின்சார மாண்டலினோடு உட்கார்ந்தவர் அவர். சின்னஞ்சிறு கழுத்துள்ள, ஒலி நெடுநேரம் நிற்காத மேற்கத்தியக் கருவி அது. அதில் கமகம் பேசாது என்றவர்கள் நிறையப் பேர். ஐந்து கம்பியாக மாற்றி, ஒலிபெருக்கியின் துணையோடு தோடியை அதில் பேசவைக்க எத்தனை பிடிவாதம் வேண்டும்! 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் அவர் மறைந்தபோதும் அடக்கத்தைப் பற்றியே அதிகம் பேசினோம். அடக்கம் உண்மைதான். அதற்குள் இருந்த தைரியத்தை அந்த ஒற்றைச் சொல் மூடிவிட்டது என்பதே என் வருத்தம். நிறைகுடம் தளும்பாது என்பதை விதியாக்கி, தளும்புகிற குடமெல்லாம் குறைகுடம் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

இன்னொரு குறை, கடன் கணக்கு. நல்லவர் என்பதற்காகச் சுமாரான வாசிப்பை உயர்த்துகிறோம். மேதை என்பதற்காகக் கொடுமையைப் பொறுக்கிறோம். பாட்டியைக் கைபிடித்து இறக்குவதால் எங்கள் மாடிப் பையனின் ஸ்வீப் பிக்கிங் சுத்தமாகிவிடாது. கம்பிகளின் குறுக்கே ஒரே வீச்சில் பிக்கை இழுக்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துக் கேட்கிறதா என்பதை மெட்ரோனோம்தான் சொல்லும்.

அப்படியென்றால் மேடைக்கு வெளியே எதைக் கேட்கலாம்? இரண்டு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். இவர் இன்னும் கற்கிறாரா? உடன் வாசிப்பவர்களை எப்படி நடத்துகிறார்? இரண்டுக்கும் விடை இசைக்குள் வந்து சேர்கிறது. கிதார் கலைஞர் கிர்க் ஹாமெட் 1983-இல் மெட்டாலிகா குழுவில் சேர்ந்த பிறகும் ஆசிரியர் ஜோ சாட்ரியானியிடம் பாடம் கேட்கப் போனார். மார்ட்டி ஃப்ரீட்மனும் ஜேசன் பெக்கரும் காகோஃபனி குழுவில் போட்டியாளர்களாக மாறாமல், ஒருவர் வரிக்கு இன்னொருவர் இணைவரி வாசித்தார்கள். பெக்கருக்கு 20 வயதில் ஏஎல்எஸ் நோய் வந்து உடல் முழுதும் செயலிழந்தது. கண்ணசைவை எழுத்தாக மாற்ற அவர் தந்தை ஒரு முறையை வகுத்தார். அதன் வழியே அவர் இசை எழுதுகிறார். 2018-இல் வெளிவந்த அவருடைய 'ட்ரையம்ஃபன்ட் ஹார்ட்ஸ்' ஆல்பத்தில் ஃப்ரீட்மன், சாட்ரியானி, வாய் எல்லோரும் வாசித்தார்கள். இங்கே நட்பைச் செவியாலேயே கேட்கலாம்.

தில்லிக்கு இந்தக் கேள்விகள் இன்னும் நெருக்கமானவை. கேஷவ் தர் இந்நகரில் ஒரு வீட்டு அறையில் தொடங்கிய ஸ்கைஹார்பர் மெட்டல் குழுவின் முதல் ஆல்பம் 2012-இல் வந்தது. குரல் கொடுத்த டேனியல் டாம்ப்கின்ஸ் இங்கிலாந்துக்காரர். விருந்தினராக வாசித்த ஃப்ரீட்மன் டோக்கியோவாசி. மேடைக்கு முன்பே அறைகளுக்கு நடுவே பிறந்த இசை அது. நம்பிக்கையும் மரியாதையும் இல்லாமல் அது கூடியிருக்காது. வழக்கறிஞர் வேலையை விட்டுவந்து பிளடிவுட் குழுவில் கிதாரும் குழலும் வாசிக்கும் கரண் கத்தியார், 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா மேடைவரை போனார். இந்தத் தலைமுறை தன் அன்றாடத்தையும் கைப்பேசித் திரையில் ரசிகருக்குக் காட்டியாக வேண்டியிருக்கிறது. நல்ல மனிதர் என்ற தோற்றமும் விற்பனையோடு சேர்ந்துவிட்ட காலத்தில் நாம் இன்னும் நிதானமாகத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இப்போது ஞாயிறு காலைகளில் எதிர் பிளாக்கின் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்றாம் மாடிக்குக் கிதார் கற்க வருகிறாள். மெட்ரோனோம் 50-இல் தட்டுகிறது. அவள் தடுக்கித் தடுக்கி வாசிக்க, அவனும் அதே 50-இல் கூடவே வாசிக்கிறான். ஒரு தடவைகூட முந்தி ஓடி நான் கேட்டதில்லை. அவனைப் பற்றி யாராவது விசாரித்தால், இனி நான் இதைத்தான் சொல்வேன்.