பித்தளைத் தொப்பியும் தலைத்துண்டும்

வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள பழைய தீயணைப்புப் பொருள்களைப் படத்தோடும் குறிப்போடும் இணையத்தில் வைத்திருக்கிறது. அதிலுள்ள தொப்பிகளையும் தலைக்கவசங்களையும் கொஞ்ச நாளாக ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். நல்ல தொகுப்பு. ஆனாலும் அதன் மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. அது நம்ம ஊர் அருங்காட்சியகங்களுக்கும் பொருந்தும் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியா தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் ஊர்வலத்துக்குப் போட்ட உயரமான தொப்பிகள் இதில் இருக்கின்றன. அழுத்திச் செய்த கம்பளியில் குழுவின் பெயர், தொடங்கிய ஆண்டு, தலைவர்களின் முகம் எல்லாம் வண்ணத்தில் வரைந்திருப்பார்கள். டேவிட் பஸ்டில் பவுசர் என்ற கறுப்பின ஓவியர் இப்படிப்பட்ட தொப்பிகளை வரைந்தவர். இவை அழகுக்கு.

வேலைக்கு வேறு. நியூயார்க்கில் ஹென்றி கிராட்டகாப் 1830-களில் செய்துவந்த தோல் தலைக்கவசத்தில் பின்பக்க விளிம்பு மட்டும் நீளமாக இருக்கும். மேலிருந்து கொட்டும் தண்ணீரும் கங்கும் சட்டைக்குள் இறங்காமல் முதுகுக்கு வெளியே போய்விடும். உச்சியிலிருந்து கீழே ஓடும் மேடுகள் தோலுக்குப் பலம் கொடுக்கின்றன. தகர ஷீட்டை நெளிநெளியாக மடித்தால் வளையாமல் நிற்குதே, அதே கணக்குதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் லண்டனில் 1860-களில் பித்தளை வந்தது. பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் கட்டடங்களுக்குள் மின்கம்பி வந்த பிறகு அதே பித்தளை ஆளைக் கொல்லக்கூடிய பொருளாகிவிட்டது. 1930-களில் மின்சாரம் கடத்தாத கவசத்துக்கு மாறினார்கள். எங்கள் மென்பொருள் வேலையிலும் இப்படித்தான். ஒவ்வொரு பாதுகாப்பு வரிக்குப் பின்னாலும் ஒரு பழைய விபத்து இருக்கும்.

சரி, விமர்சனம் எங்கே? இந்தத் தொகுப்பின் பெரும்பகுதி சிக்னா என்ற காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது. அதன் முன்னோடிகளில் ஒன்று 1792-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய காப்பீட்டு நிறுவனம். காப்பீட்டுக்காரர் கண்ணுக்கு எந்தத் தீ தெரியும்? வீடு, கடை, கிடங்கு, கப்பல் என்று விலை போட்ட சொத்தில் பிடித்த தீதான். அதனால் இந்தத் தொகுப்பு சொல்லும் தீயின் வரலாறு, பெரும்பாலும் நகரத்துச் சொத்தின் வரலாறாக ஆகிவிடுகிறது. எந்தக் குறிப்பிலும் பொய் இல்லை. சேகரித்தவர் யார் என்பதே எது மிஞ்சும் என்று தீர்மானித்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கு வருவோம். மாசி, பங்குனியில் இலையுதிர்ந்து புல் காய்ந்துவிட்டால் ஒரு பீடித்துண்டு போதும். கோடைக்கு முன்பே வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது. அதையும் தாண்டித் தீ வந்தால் வேட்டைத்தடுப்புக் காவலர்களும் மலைவாசிகளும் பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைப்பார்கள். தலையில் ஒரு துண்டு. மலைத்தீ சின்ன விஷயமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ கொன்றது.

அந்தத் துண்டு எந்த அருங்காட்சியகத்திலும் சேரும் பொருளாக யாருக்கும் தோன்றவில்லை. "துண்டு ஒரு கவசமா?" என்று கேட்கலாம். ஜப்பானில் எடோ காலத்துத் தீயணைப்பாளர்கள் போட்டதும் துணிதான். பல அடுக்குப் பருத்தியை நெருக்கித் தைத்து, தண்ணீரில் நனைத்துத் தலையில் மாட்டிக்கொண்டு போனார்கள். அது இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கிறது. ஆகவே துணி என்பது தடையில்லை. யாருடைய தலை என்பதுதான் கேள்வி.

அதற்காகத் துண்டைக் கொண்டாடவும் நான் தயாரில்லை. பருத்தித் துண்டு கருகும். பாலியஸ்டர் கலந்தது உருகித் தோலோடு ஒட்டிவிடும். நனைத்து மூக்கில் கட்டினால் புகைக்கு நல்லது என்று நினைக்கிறோம். ஆனால் சூடான ஈரக்காற்று, காய்ந்த சூட்டைவிட மூச்சுக்குழாயை அதிகம் சுடும். உருண்டு வரும் கல்லுக்கும் ஒடிந்து விழும் கிளைக்கும் துண்டு எதுவுமே செய்யாது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் "எளிய மக்களின் அறிவு" என்று தலைப்புப் போட்டு முடித்துவிடக் கூடாது. எதிலிருந்து காத்தது, எதிலிருந்து காக்கவில்லை என்று இரண்டையும் எழுத வேண்டும். பித்தளைக்கு மின்சாரம் எப்படியோ, துண்டுக்கு அப்படி ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைப் படிக்கிறவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: இவர்களுக்கு ஏன் இன்னும் இதுவே?

இதை வைக்க இடமும் இருக்கிறது. கோவையில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் மரங்களுக்கும் விலங்குகளுக்கும் பேர்போனது. காட்டைக் காப்பாற்றியவர்களின் தலைக்கு அங்கே ஓர் அலமாரி ஒதுக்கினால் பொருத்தமாக இருக்கும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் பக்கத்து மலையில் தீ அணைக்கப் போகிறவர்கள் தலையில் என்ன கட்டுகிறார்கள், அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எந்தத் துணி என்று கேட்டுக் குறித்து வையுங்கள். முடிந்தால் அவர்கள் சம்மதத்தோடு ஒரு படமும் எடுங்கள். காப்பீட்டு நிறுவனம் வந்து இதைச் சேகரிக்கப் போவதில்லை.