வாயிலில் நிற்கும் தாய்

புறநானூற்றின் 312ஆம் பாடலை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இரார். பொன்முடியார் அப்பாடலிலே சமுதாயக் கடமைகளைப் பங்கிடுகின்றார்: மகனைப் பெறுவது தாய்க்கு, அவனைப் பண்புடையவனாக்குவது தகப்பனுக்கு, ஆயுதம் செய்வது கொல்லனுக்கு, ஒழுங்கு வகுப்பது அரசனுக்கு, களத்திலே யானையை வீழ்த்துவது மகனுக்கு. பத்தாண்டுகளாக நானும் இதை நடத்தி வருகின்றேன். வீரம், கடமை, தாய்மையின் பெருமை என்று கரும்பலகையில் எழுதியும் இருக்கின்றேன். அவள் பெற்ற அந்த இரவில் அவள் கையைப் பிடித்திருந்தவர் யார் என்ற கேள்வி எனக்கு எழுந்ததில்லை. மாணவர் எவரும் கேட்டதுமில்லை.

நம் மரபுகள் அக்கேள்வியை அறியாதவை அல்ல. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையிலே காவிரியில் வெள்ளம் வருகின்றது. பேறுகாலத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் நின்றுவிடுகின்றாள். இறைவனே அத்தாயின் உருவில் வந்து மகளின் அருகே இருக்கின்றான். திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்திலோ, தன்னந்தனியே நோவுற்ற அன்னை மர்யம் பேரீச்ச மரத்தடியிலே சாய்ந்து, இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என ஏங்குகின்றார். அப்போது ஆறுதல் கூறும் குரலொன்று கேட்கின்றது. அருகே ஓடும் நீரையும், உலுக்கினால் உதிரும் பழத்தையும் காட்டுகின்றது. அங்கே வைத்தியம் எதுவும் நிகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் உணவு, அவ்வளவே.

நவீன இலக்கியத்தில் இவ்விடத்தைத் துணிந்து எழுதியவர் மாக்சிம் கார்க்கி. 1912இல் வெளிவந்த ‘மனிதன் பிறந்தான்’ என்னும் சிறுகதையிலே, 1892ஆம் ஆண்டுப் பஞ்சத்தால் துரத்தப்பட்ட உழவர் கூட்டத்துப் பெண்ணொருத்தி கருங்கடற்கரைப் புதரிடையே நோவெடுத்துக் கிடக்கின்றாள். வழிப்போக்கனான இளைஞன் நெருங்குகின்றான். வெட்கத்தாலும் வேதனையாலும் அவள் அவனைத் திட்டி விரட்டுகின்றாள். அவன் போகவில்லை. பிள்ளையை ஏந்துகின்றான், கடல்நீரில் கழுவுகின்றான், தேநீர் காய்ச்சிக் கொடுக்கின்றான், அவள் எழுந்து நடக்கும்போது கூடவே நடக்கின்றான். இக்கதையைப் பேசும்போதெல்லாம் தலைப்பிலுள்ள ‘மனிதன்’ என்னும் சொல்லின் மகத்துவத்தைப் பேசுவது நம்மவர் வழக்கம். நானும் அவ்வாறே பேசியவன். இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது, விரட்டியும் போகாமல் நின்ற அவனது நிலைதான்.

பார்வை மாறியதற்குக் காரணம் உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் என் மனைவி முதற் பிள்ளையைப் பெற்றாள். வைத்தியசாலையின் பெயர் வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு அவள் உள்ளே போனாள்; மாமியும் நானும் வாயிலுக்கு வெளியே நின்றோம். மாமி கொண்டுவந்த சுடுநீர்ப் போத்தல் விடியும்வரை அவர் மடியிலேயே இருந்தது. உள்ளே ஒரே மருத்துவமாது கட்டிலுக்குக் கட்டில் ஓடிக்கொண்டிருந்தாராம். அவரைக் குறைகூற என் மனைவிக்கே மனமில்லை. “கட்டில் நம்பரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. ஆராவது எண்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாக் காணும்” என்று மட்டும் பின்னர் சொன்னாள்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய எம் கரையோர ஊர்களை அறியாத வாசகர்க்கு ஒன்று கூற வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பர். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியிருப்பான். பெற்றோர் அதே வளவிலே வேறொரு வீட்டுக்கு மாறுவதும் உண்டு. குடியும் தாய்வழியே வருவது. (அந்த வீட்டைக் கட்டி முடிக்க மீனவனும் நெசவாளியும் படும் பாடு தனிக் கட்டுரைக்குரியது; சீதனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) ஆகவே ஒருத்திக்கு நோவெடுத்தால் உம்மா, மூத்தம்மா, சாச்சி, தங்கை யாவரும் கூப்பிடு தொலைவில் இருந்தனர். பிள்ளையை ஏந்த மருத்துவிச்சி வருவாள். முதுகைத் தடவவும், நாவை நனைக்கவும், “இன்னும் கொஞ்சந்தான் மகள்” என்று பொய்யோ மெய்யோ சொல்லவும் இவர்கள் இருந்தார்கள். அவ்வேலைக்கு யாரும் பெயரிடவில்லை.

அந்த வளவைப் பொற்காலமாக்கிக் காட்டுவது அயோக்கியத்தனம். 1930களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர்; 2010களில் அத்தொகை 40க்கும் கீழே இறங்கியது. இலவச வைத்தியமும், பயிற்சி பெற்ற மருத்துவமாதரும், ஊர்தோறும் எழுந்த ஆஸ்பத்திரிகளும் ஈட்டிய வெற்றி இது. மக்கள் வரிப்பணத்தின் வெற்றி. ஆனால் பிரசவம் வளவிலிருந்து வாட்டுக்குப் போனபோது மருத்துவிச்சியின் கைக்குத்தான் மாற்று வைத்தார்கள். உம்மாவின் கைக்கு மாற்று வைக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கரையோர வீடுகளை அள்ளிச் சென்றபின், தாயையும் மகளையும் வெவ்வேறு குடியேற்றங்களுக்கு அனுப்பியதும், புது வீட்டின் உறுதியைக் ‘குடும்பத் தலைவர்’ என்று கணவன் பெயருக்கு எழுதியதும் நடந்தன. கூப்பிடு தொலைவும் அத்தோடு போயிற்று.

இப்போது அந்தக் கைக்கு ஒரு பெயர் வந்திருக்கின்றது: ‘டூலா’. அமெரிக்க மானிடவியலாளர் டானா ரபேல் 1973இல் தம் நூலில் கையாண்ட கிரேக்கச் சொல். பணிப்பெண், அடிமைப்பெண் என்பது அதன் பழைய பொருள். டூலா வைத்தியம் செய்வதில்லை; பரிசோதிப்பதுமில்லை. நோவின் தொடக்கம் முதல் முடிவுவரை அகலாதிருக்கின்றாள். அடுத்து நிகழவிருப்பதைச் சொல்கின்றாள். நோவு எழும்போது மூச்சை ஒழுங்குபடுத்த உதவுகின்றாள். இதனால் ஆவதென்ன என்று கேட்போர்க்கு விடை உண்டு. 1980இல் வெளிவந்த குவாத்தமாலா ஆய்வு சிறியதே. அதிலே சிக்கலின்றிப் பெற்றவர்களுள், முன்பின் அறியாத பெண்ணொருத்தி அருகிருந்தோர்க்கு அனுமதி முதல் பிறப்பு வரை சராசரி 9 மணித்தியாலத்துக்கும் குறைவாகவே சென்றது. தனித்திருந்தோர்க்கு 19 மணித்தியாலத்துக்கும் மேல். 2017இல் 17 நாடுகளின் 15,000க்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், இடையறாத துணை இருந்தால் சத்திரசிகிச்சைப் பேறுகள் குறைகின்றன எனக் கண்டனர். 2018இல் உலக சுகாதார நிறுவனம், பெண் தானே தெரிந்தெடுக்கும் துணை எல்லாப் பேறுகளிலும் இருக்க வேண்டும் என்று விதந்துரைத்தது.

ஆயினும் சென்னையிலும் பெங்களூரிலும் டூலா காசுக்குக் கிடைக்கும் சேவையாகிவிட்டாள். ஏழைப் பெண்ணிடமிருந்து நீங்கிய ஒன்று, வசதியுள்ளவளுக்கு விலைப் பொருளாகத் திரும்பி வருகின்றது. நமக்கு வேண்டியது இறக்குமதிச் சொல்லன்று, வாயில் திறப்பதே. பெண் துணையொருத்தியை அனுமதிப்பது நம் சுகாதார அமைச்சின் கொள்கைதான். இடமில்லை, கட்டில்களுக்கிடையே மறைப்பில்லை, மற்றப் பெண்களின் மானம் என்னாவது என்று காரணம் சொல்கின்றார்கள். காரணம் பொய்யன்று. ஆனால் திரைச்சீலை தைக்க எத்தனை ரூபாய் ஆகும்?

நம் முற்போக்கு எழுத்தாளர்களிடமும் எனக்கு ஒரு வழக்குண்டு. வயலிலும் தறியிலும் கடலிலும் உழைப்பை எழுதினோம். பேற்றறையை மட்டும் மணவாழ்வின் ஒரு சம்பவமாக, கணவன் தாழ்வாரத்தில் உலாவும் காட்சியாக, குழந்தையின் அழுகுரலோடு முடியும் பத்தியாக எழுதிக் கடந்தோம். கதவுக்கு வெளியே நின்ற ஆண்களின் இலக்கியம் அது. உள்ளே இருந்தவளும், உள்ளே விடப்படாதவளும் இன்னும் பேசவில்லை.

என் மனைவியின் தங்கைக்கு வரும் மாதம் நாள் குறித்திருக்கின்றார்கள். அமைச்சின் கொள்கையைச் சுட்டி, மாமியை உள்ளே அனுமதிக்குமாறு வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். பதில் வரவில்லை. மாமி போத்தலைக் கழுவிக் காயவைத்திருக்கின்றார்.