தணிகையை யார் கேட்டார்கள்?

திருத்தணி மலைக்கு 365 படிகள். நாளைக்கு ஒன்றாக ஒரு வருஷக் கணக்கு என்பார்கள். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஜனங்கள் ஏறுவதைப் பார்க்க வேண்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஏற வேண்டிய வாக்குச்சாவடிப் படி. அதுதான் அடிக்கடி காணாமல் போய்விடுகிறது.

அடிவாரத்து டீக்கடையில் ஒரு பெரியவர். எண்பதை நெருங்குகிறவர். 1960-ல் அவருக்குப் பதினாலு வயசாம். "எனக்கு ஓட்டு வர்றதுக்குள்ள ஸ்டேட்டே மாறிப்போச்சு தம்பி" என்றார் சிரித்துக்கொண்டே. "உங்க அப்பா ஓட்டுப் போட்டாரா, எந்த மாநிலம் வேணும்னு?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்கெல்லாம் யாரு ஓட்டு வெச்சாங்க?"

யாரும் வைக்கவில்லை. திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது ஊரும் சேர்ந்து போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். தொண்டர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். படாஸ்கர் என்ற முன்னாள் மத்திய அமைச்சரை மத்தியஸ்தராகப் போட்டார்கள். 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்கு சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. திருப்பதி வரவில்லை.

இதை நாம் ஒரு வீரக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். மேடையில் ம.பொ.சி. மீசையை வர்ணிக்கிறவர்கள், ஊர் எப்படிப் பிரிக்கப்பட்டது என்ற பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் பக்கம்தான் எனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது. படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்துக்கொண்டார். எந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம், அது எந்த மாநிலத்தை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். மொழிக் கணக்கு 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அதாவது, வாசலில் வந்து நின்ற கணக்கெடுப்புக்காரரிடம் "தாய்மொழி தமிழ்" என்றோ "தெலுங்கு" என்றோ சொன்ன பதில், சில வருஷம் கழித்து ஓட்டாக எண்ணப்பட்டது. சொன்னவருக்கு அது ஓட்டு என்று தெரியாது. வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிற ஊரில் இது சின்ன விஷயமா?

சட்டப்படி தப்பில்லை. மாநில எல்லையை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையிலேயே மாற்றலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவு. சம்பந்தப்பட்ட சட்டசபையின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. இதை அரசியல் சட்டத் திருத்தமாகவே கருதக்கூடாது என்று 4-வது பிரிவு வேறு கதவைச் சாத்திவிடுகிறது. ஊர்க்காரன் இந்த வரிகளில் எங்கேயும் வரமாட்டான்.

கேட்கவே முடியாது என்பதும் இல்லை. கோவாவைக் கேட்டார்கள். 1967 ஜனவரி 16-ல் மகாராஷ்டிரத்தோடு சேரலாமா, யூனியன் பிரதேசமாகவே இருக்கலாமா என்று ஓட்டெடுப்பு. சேர்வதற்குப் பூ சின்னம், தனியாக இருக்க இரண்டு இலை. (நம்மூர் இரட்டை இலைக்கு ரொம்ப முந்தி!) இலை 34,021 ஓட்டில் ஜெயித்தது. திருத்தணியில் கேட்டிருந்தாலும் ஊர் இங்கேதான் வந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் வந்தது வேறு, வர சம்மதித்தது வேறு.

அமெரிக்காவில் கதையே வேறு. டெலவேர் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த மக்கள் ஓட்டு வேண்டும். கட்சி வேட்பாளர் யார் என்பதையே பிரைமரி வைத்து வாக்காளரிடம் கேட்கிறார்கள். நம் ஊரில் விருப்ப மனுவுக்குப் பணம் கட்டி, நேர்காணலில் கைகட்டி நிற்பதுதான் பிரைமரி. அதற்காக அமெரிக்க முறையைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் நான் தயாரில்லை. 2008-ல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஒருபாலினத் திருமண உரிமையைப் பறித்தார்கள். அந்த வரியை அரசியல் சட்டத்திலிருந்து எடுக்க 2024-ல் மறுபடி ஓட்டுப் போட வேண்டியிருந்தது. பெரும்பான்மை ஓட்டு அடுத்தவன் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும்.

அதெல்லாம் பெரிய விஷயம், விடுங்கள். நகராட்சித் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது? 1993-ல் அமலுக்கு வந்த 74-வது திருத்தம் இதை மாநிலத்தின் இஷ்டத்துக்கு விட்டது. நம் மாநிலத்தின் இஷ்டம் இருக்கிறதே! 1996, 2001-ல் மக்களே நேரடியாக. 2006-ல் கவுன்சிலர்கள் கூடி. 2011-ல் மறுபடி மக்கள். 2016-ல் கவுன்சிலர்கள் என்று சட்டம், தேர்தலே நடக்கவில்லை. 2018-ல் மக்கள் என்று மாற்றி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி கவுன்சிலர்கள். இரண்டு கழகமும் இந்த ஊஞ்சலைத் தள்ளியிருக்கிறது. மறைமுகத் தேர்தலுக்கு ஒரு நியாயம் உண்டு. மன்றத்தில் ஆதரவில்லாத தலைவர் ஒரு தீர்மானம்கூட நிறைவேற்ற முடியாமல் திண்டாடுவார். அந்த நியாயம் ஒருமுறை தோன்றி, அடுத்த முறை மறைந்து, மறுபடி தோன்றுவதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. 2022 மார்ச்சில் கூட்டணிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளை ஆளுங்கட்சிக்காரர்களே சில ஊர்களில் தட்டிக்கொண்டு போக, முதல்வரே ராஜினாமா செய்யச் சொல்ல வேண்டிவந்தது. வாக்காளர் அந்தச் சண்டையை டிவியில் பார்த்தார்.

கிராமத்தில் ஊராட்சித் தலைவரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிச் சின்னம்கூட இல்லாமல். கிராமத்து வாக்காளருக்கு இருக்கிற அந்த ஓட்டு, டவுனில் வீடு கட்டிக் குடிவந்தால் 2022-ல் கிடையாது.

அதைவிட மோசம், தேர்தலே இல்லாமல் இருப்பது. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2016 அக்டோபரில் முடிந்த நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். இடையில் தனி அலுவலர்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது; அங்கேயும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஊரின் மாநிலத்தையே மாற்றிய நாட்டுக்கு ஒரு வார்டு தேர்தல் தேதியை வைப்பது இவ்வளவு கஷ்டமா?

கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன், போன தடவை தலைவருக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று. "கவுன்சிலருக்குப் போட்டேன் தம்பி. தலைவர் யாருன்னு மறுநாள் பேப்பர்ல பார்த்துக்கிட்டேன்" என்றார்.