சிங்கத்துக்குப் பிடிக்காத டூப்ளெக்ஸ்

கலிஃபோர்னியாவில், சிலிக்கான் வேலியை ஒட்டினாற்போல வுட்சைட் என்று ஒரு ஊர். ஐந்தாயிரம் சொச்சம் ஜனம். காசுக்குப் பஞ்சமில்லாத ஜனம். மரம், குதிரை லாயம், பெரிய தோட்டம், நடுவே ஒற்றை வீடு. 2022 ஜனவரி கடைசியில் ஊர் நிர்வாகம் திடீரென்று ஒன்றைக் கண்டுபிடித்தது. ஊர் மொத்தமும் மலைச்சிங்கம் வாழும் பகுதியாம். ஆகவே ஒரு மனையில் இரண்டு வீடு கட்ட அனுமதி தர முடியாதாம்.

ஒற்றை வீடென்றால் சிங்கம் கண்டுகொள்ளாது, ரெட்டை வீடென்றால்தான் அலர்ஜி போலிருக்கிறது.

சிரித்தாயிற்றா? விஷயம் எஸ்.பி. 9 என்கிற மாநிலச் சட்டம். 2021 செப்டம்பரில் கவர்னர் நியூசம் கையெழுத்துப் போட்டார். 'இங்கே மனைக்கு ஒரு குடும்பம்தான்' என்று உள்ளூர்க்காரர்கள் கோடு போட்ட இடத்திலும் டூப்ளெக்ஸ் கட்டலாம். (வீட்டுக்குள் மாடிப்படி வைத்த நம்மூர் டூப்ளெக்ஸ் இல்லை. ஒரே கட்டடத்தில் இரண்டு குடும்பம்.) மனையை இரண்டாகவும் பிரிக்கலாம். ஆக, நாலு வீடு வரை வரும். அரிய உயிரினங்கள் வாழும் இடத்துக்கு விலக்கு உண்டு. அந்தச் சந்தில்தான் சிங்கத்தை ஓட்டிவிட்டார்கள்.

மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போண்டா ஒரே ஒரு கடிதம் போட்டார். ஒரு ஊரையே சிங்கக் காடு என்று சொல்ல ஆதாரமே இல்லை என்றார். உடனே சிங்கம் வாபஸ்.

எங்கள் ஊர், எங்கள் இஷ்டம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உள்ளாட்சிக்கு அதிகாரம் என்றால் கைதட்டுகிற ஆள்தான் நானும். ஆனால் இங்கே கை எழவில்லை. கட்டாதே என்று ஓட்டுப் போடுகிறவருக்கு ஏற்கெனவே அங்கே வீடு இருக்கிறது. வீடு கிடைக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியிருந்துகொண்டு தினம் அங்கே பாடம் நடத்த வருகிற டீச்சருக்கு அந்த ஊரில் ஓட்டே கிடையாது. சப்ளையை முடக்கினால் விலை ஏறும் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஏறினால் யாருக்கு லாபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலம் குறுக்கே வந்தது சரிதான்.

சட்டம்தான் நோஞ்சான். மனையைப் பிரிக்க வேண்டுமானால், மூன்று வருஷம் அங்கேயே குடியிருக்கப்போவதாக எழுதித் தர வேண்டும். கட்டித் தொழில் செய்கிறவர் எப்படி வருவார்? வந்த விண்ணப்பங்கள் சொற்பம். 2024 ஏப்ரலில் ரெடோண்டோ பீச் உள்ளிட்ட ஐந்து நகரங்கள் கோர்ட்டில் ஜெயித்தன. மலிவு வீடுதான் நோக்கம் என்று எழுதிவிட்டு, மலிவாக விற்கச் சட்டத்தில் எங்கேயும் கட்டாயப்படுத்தவில்லையே என்றது கோர்ட். அதே வருஷம் நோக்கத்தை மாற்றி எழுதித் திருத்தம் கொண்டுவந்தார்கள். மூன்று வருஷ உறுதிமொழியை அதிலும் தொடவில்லை.