ஸனத் இல்லாத குரல்கள்

ஹதீஸ் கலையைப் பாடமாக நடத்துகிறவன் என்ற முறையில், ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் முதலாவதாகச் சொல்லிக்கொடுப்பது ஒன்றுண்டு. செய்தியை ஆராய்வதற்கு முன், அதைக் கொண்டுவந்தவரை ஆராயுங்கள் என்பதே அது. 2020 ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, அந்தப் பாடத்தை நானே மறந்தேன். மதரஸா மூடப்பட்டிருந்தது. மாணவர்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிட்டிருந்தனர். என் கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் தம் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை. நம்மவர்களை ஒரு மருத்துவமனையில் வேண்டுமென்றே பட்டினி போடுகிறார்கள் என்று அழுகை கலந்த குரலில் சொன்னார். நெஞ்சு பதறியது. பதறிய வேகத்தில் அதனை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன்.

பலமுறை கைமாறிவந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் நிறுவனம் அந்த மாதத்தில்தான் கட்டுப்பாடு விதித்திருந்தது. ஆகவே நான் அதனை ஒவ்வொன்றாக மூன்று முறை அனுப்பினேன். இயந்திரத்துக்கு இருந்த தயக்கம்கூட எனக்கு இருக்கவில்லை. கால் மணி நேரத்துக்குள் இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுதினார்: “ஹஜ்ரத், இதற்கு ஸனத் என்ன?”

என்னிடம் விடை இல்லை. மறுநாள், அதே மருத்துவமனையில் தங்கியிருந்த ஒருவரை விசாரித்தபோது, மூன்று வேளையும் உணவு வருகிறது என்றார். நான் அனுப்பியது பொய் என்று மூன்று குழுக்களிலும் எழுதினேன். அதற்குள் அது எத்தனை கைகளுக்குப் போயிற்று என்பதை அல்லாஹ்வே அறிவான். பிறரைக் குறை கூறப் புகுமுன் என் குறையைச் சொல்லிவிடுவது முறை என்பதால் இதை முதலில் எழுதினேன்.

இனி, அந்நாட்களில் நம்மைப் பற்றிப் பேசிய பெரிய குரல்களைப் பார்ப்போம். 2020 மார்ச் மாதத்தில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத்தினர் கூடியிருந்தனர். மார்ச் 24 இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மாத இறுதியில் மர்கஸிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பலருக்கு நோய் கண்டிருந்தது. தமிழகத்திலிருந்து சென்று திரும்பியவர்களிலும் பலருக்குக் கண்டிருந்தது. இவை உண்மை. மறைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஆனால் சில தினங்களுக்குள் இந்த உண்மையோடு ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. நோய்க்கும் ஜிஹாதுக்கும் முடிச்சுப் போட்ட சொல் அது. சமூக வலைத்தளங்களில் பிறந்து வளர்ந்த அச்சொல்லைத் தொலைக்காட்சி விவாத அரங்குகள் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

முஹத்திஸ்களின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதைப் பார்த்தால் இங்கு நேர்ந்த பிழைக்குப் பெயர் தெரியும். அறிவிப்பாளர் தம் சொந்தச் சொல்லை மூலச் செய்தியின் உடலுக்குள் கலந்துவிடுவதை ‘இத்ராஜ்’ என்பார்கள். அப்படிக் கலப்புற்ற அறிவிப்பு ‘முத்ரஜ்’ ஆகும். மக்கள் கூடினார்கள், நோய் பரவியது என்பது மூலச் செய்தி. வேண்டுமென்றே பரப்பினார்கள் என்பது இடையில் செருகியவரின் சொல். கேட்பவனுக்கு இரண்டும் ஒரே மூச்சில் வருவதால் எது செய்தி, எது செருகல் என்று பிரித்தறிய முடிவதில்லை. முத்ரஜ் அறிவிப்புகளைத் தனியே பிரித்துக் காட்டுவதற்கென்றே நம் அறிஞர்கள் நூல் எழுதினார்கள் என்றால், பொய்யை விடவும் உண்மையோடு கலந்த பொய்க்கு அவர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பது புலப்படும்.

இரண்டாவது பிழை இலக்கணம் சார்ந்தது. ‘கூறப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வினைகளை இன்றைய செய்தியாளர்கள் தாராளமாகக் கையாளுகின்றனர். ஹதீஸ் கலையிலும் இந்த வினை உண்டு. ‘ருவிய’ என்று, அறிவித்தவரைச் சுட்டாமல் செயப்பாட்டில் ஒரு செய்தியைத் தொடங்கினால், இது பலவீனமாக இருக்கலாம், இதன்மேல் பாரத்தை வைக்காதே என்பது வாசகனுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை. இதனை ‘ஸீகத்துத் தம்ரீழ்’, அதாவது நோயுற்ற சொல்வடிவம் என்றே அழைத்தனர். அதே வினை இன்று சொன்னவரைக் காப்பாற்றும் கவசமாகிவிட்டது. ஐயத்தைச் சொல்ல வேண்டிய வடிவம் குற்றச்சாட்டைச் சொல்லப் பயன்படுகிறது. தலைப்பின் இறுதியில் ஒரு கேள்விக்குறி இட்டுவிட்டால் போதும். பழி வாசகனின் உள்ளத்தில் தங்கிவிடும், பொறுப்பு எழுதியவரிடம் தங்காது.

இதற்கு மாறாகப் பொறுப்புடன் பேசவும் வழி இருந்தது. தமிழக நலவாழ்வுத் துறையின் அன்றாட அறிக்கைகள், அதே ஏப்ரல் மாதத்தில், கூட்டத்தின் பெயரைத் தவிர்த்து ‘ஒரே மூல நிகழ்வு’ என்று குறிக்கத் தொடங்கின. எண்ணிக்கை குறைக்கப்படவில்லை, ஒரு சொல் மாற்றப்பட்டது, அவ்வளவே. எங்கள் தெருவின் பால்காரர் மீண்டும் எங்கள் வாசலில் நிற்கத் தொடங்கியதற்கு அத்தகைய ஒரு சொல்லும் காரணமாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நீதிமன்றங்கள் பின்னர் பேசின. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டனர் என்றும், அச்சு ஊடகத்திலும் மின்னணு ஊடகத்திலும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடந்தது என்றும் கருத்துரைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி நீதிமன்றம் ஒன்று 36 வெளிநாட்டினரை விடுதலை செய்தது. 2025 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. பழி ஒரு வாரத்தில் நாட்டைச் சுற்றி வந்தது. அதிலிருந்து விடுதலை பெற ஐந்து ஆண்டுகள் ஆயின.

இந்த இடத்தில் ஒரு பழைய நிகழ்வை நினைவுகூர்வது தகும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் அவதூறு கிளம்பியபோது, அதை இட்டுக்கட்டியவர்கள் நயவஞ்சகர்கள். ஆனால் பரப்பியவர்களுள் நல்லவர்களும் சிலர் இருந்தனர். அவர்களில் ஒருவர், பெருமானார் (ஸல்) அவர்களின் கவிஞரான ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் என்று அறிவிப்புகள் கூறுகின்றன. கவிஞரே செய்தித்தாளாகவும் வானொலியாகவும் விளங்கிய சமுதாயம் அது. செல்வாக்குள்ள குரலும் வழுக்கி விழக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. திருமறையின் ‘அந்நூர்’ அத்தியாயம் அந்நிகழ்வைப் பேசும்போது, 15ஆம் வசனத்தில், செய்தியைப் பெறும் செயலைக் காதுக்கு உரியதாகச் சொல்லாமல் நாவுக்கு உரியதாகச் சொல்கிறது. கேட்பதற்கும் சொல்வதற்கும் இடையே உள்ளத்தில் ஒரு கணம்கூடத் தங்காமல், நாவே வாங்கி நாவே கொடுத்தது என்பது அதன் குறிப்பு. பெருவிரலால் வாங்கிப் பெருவிரலால் கொடுக்கும் நமக்கு இந்தச் சொல்லாட்சி எவ்வளவு பொருந்துகிறது! பின்னாட்களில் ஹஸ்ஸான் (ரலி) அவர்களைத் தம் முன்னிலையில் பிறர் ஏசுவதை அன்னையார் விரும்பவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். தவறு தவறாகவே நின்றது, மனிதர் வெறுக்கப்படவில்லை.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். ஹிஜ்ரி 597இல் (1201) பக்தாதில் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் தம் காலத்துக் கதைசொல்லிப் பிரசங்கிகளைக் கண்டித்து ஒரு நூல் இயற்றினார்கள். அவர்களே பெருங்கூட்டத்தை ஈர்த்த சொற்பொழிவாளர். ஆகவே கூட்டத்தின் ருசி எது, அது பேச்சாளரை எங்கே இழுத்துச் செல்லும் என்பதை உள்ளிருந்து அறிந்தவர்கள். கூட்டம் அழவேண்டும், வியக்கவேண்டும், காசு போடவேண்டும் என்பதற்காக ஹதீஸை இட்டுக்கட்டத் துணிந்தவர்களே அவர்களின் கண்டனத்துக்கு இலக்கு. இன்று பார்வையாளர் எண்ணிக்கையே காசாக மாறுகிறது. யூடியூபில் நம் பேச்சாளர்கள் சிலர் தம் உரைகளுக்குச் சூட்டும் தலைப்புகளைப் பாருங்கள். மாற்றுக் கருத்துடைய ஆலிமைப் பெயர் சொல்லிக் கிழிப்பதும், அண்டை வீட்டாரின் வழிபாட்டைக் கேலி செய்வதும், ஆதாரமற்ற செய்தியை ‘ஹதீஸில் வருகிறது’ என்று முடித்துவிடுவதும் அங்கு உண்டு. தொலைக்காட்சியிடம் நாம் கேட்கும் நேர்மையை இவர்களிடமும் கேட்காவிட்டால், நம் முறையீடு நீதிக்கானது ஆகாது. நம் கூட்டத்துக்கான வாதம் மட்டுமே ஆகும்.

மதச்சார்பற்ற நாட்டில், மறுமையைச் சொல்லி எல்லாரையும் கட்டுப்படுத்த முடியாதே, பிறகு எந்த அளவுகோலால் அளப்பது என்று ஒரு கேள்வி எழலாம். ஒரு ஹதீஸ் ‘ஸஹீஹ்’ ஆவதற்கு ஐந்து நிபந்தனைகள் உள்ளன. அறிவிப்புத் தொடர் அறுபடாமை, அறிவிப்பவரின் நேர்மை, அவரது நினைவின் உறுதி, அவரை விட உறுதியானவர்களுக்கு முரண்படாமை, மறைந்த குறை இன்மை ஆகியவை அவை. நேர்மைக்கு அன்றைய அறிஞர்கள் வைத்த இலக்கணத்தில் மார்க்கப் பற்றும் அடக்கம், மறுப்பதற்கில்லை. ஆயினும் எவரிடமிருந்து கேட்டீர், சரியாகக் கேட்டீரா, மற்றவர் என்ன சொல்கிறார், எங்கே தடுமாறுகிறது என்ற வினாக்களை எந்தச் சமயத்தவரும், சமயமே வேண்டாதவரும் ஏற்கலாம். நன்கு பழகிய செய்தியாசிரியர் ஒருவர் இவற்றைத் தம் தொழில்முறை என்றே சொல்லுவார். பல சமயத்தாரும் ஒரே திரையைப் பார்க்கும் காலத்தில், பேசுகிறவரிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது எல்லாருடைய மானமும் ஆகும். அது அமானத்.

சட்டத்தின் கை இங்கு ஓரளவுக்குத்தான் நீளும். அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையையும் தருகிறது, அதற்கு வரம்பையும் சொல்கிறது. எனினும் அரசின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தால் அது முதலில் எளியவனின் நாவைத்தான் வெட்டும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே நான் தண்டனையைக் கேட்கவில்லை, தௌபாவைக் கேட்கிறேன். அவதூறு சொன்னவனின் தௌபா, தான் சொன்னது பொய் என்று அவனே அறிவிப்பதாகும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. தனியறையில் கண்ணீர் வடித்தால் அந்தக் கணக்குத் தீராது. எவர் செவியில் பழி விழுந்ததோ அவர் செவியில் மறுப்பும் விழவேண்டும். 2021 ஜூனில் செய்தி ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு, மர்கஸ் செய்திகளுக்காகச் சில அலைவரிசைகளைக் கண்டித்தது. கன்னட அலைவரிசைகள் இரண்டுக்கு அபராதமும் விதித்தது. பாராட்டலாம். ஆயினும் பதினான்கு மாதங்கள் கழித்து வந்த அம்மறுப்பு, பழியைக் கேட்ட வீடுகளில் எத்தனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? அதே நேரத்தில், அதே முகத்தோடு, அதே உரத்த குரலில் சொல்லப்படும் திருத்தமே திருத்தம்.

இதைப் படிக்கும் குடும்பத்தாரிடம் நான் வேண்டுவது சிறியது. அடுத்த முறை ஒரு குரல் உங்கள் நெஞ்சைப் பதறவைத்தால், அந்தப் பதற்றத்தையே எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். வீட்டில் உள்ள இளையவர் எவரேனும் ஸனத் கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். என்னிடம் கேட்ட அந்த மாணவர் இன்று ஒரு சிற்றூரின் மக்தபில் ஓதிக்கொடுக்கிறார். சென்ற ரமளானில் சந்தித்தபோது, அன்று கேட்டதற்காக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவரல்லவே.