அடி இருக்கு, இலக்கு எங்கே?

மாணவர்களே, ‘த்ரீ ஸ்டூஜஸ்’ பார்த்திருக்கீங்களா? பெயர் தெரியாவிட்டாலும் அந்தத் தலைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டியது போல் மோ, இரு பக்கமும் சுருள்முடி பறக்கும் லாரி, மொட்டைத் தலை கர்லி. 1934 முதல் 1959 வரை, மூன்றாமவர் மாறி மாறி வந்தாலும், கொலம்பியா நிறுவனத்துக்கு 190 குறும்படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய கால் மணி நேரம்தான். 2012-இல் ஃபாரெல்லி சகோதரர்கள் அதை ஒன்றரை மணி நேரப் படமாக மறுஆக்கம் செய்தார்கள்.

நடிப்பில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கர்லியாக வரும் வில் சாசோவின் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பழைய படம்தான். அறையும் சத்தம், கண்ணில் குத்தும் சத்தம்கூட அப்படியே இருக்கு. பிறகு ஏன் சந்தேகம்?

1940-இல் வந்த ‘எ பிளம்பிங் வீ வில் கோ’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோழி திருடிய வழக்கிலிருந்து தப்பிய மூவர், போலீசுக்குப் பயந்து குழாய் வேலைக்காரர்களாக ஒரு மாளிகைக்குள் நுழைகிறார்கள். தண்ணீரை மின்கம்பிக் குழாயில் இணைத்துவிடுகிறார்கள். விளக்கிலிருந்து தண்ணீர் கொட்டுது! வீட்டு அம்மாள் பெருமையாகத் தொலைக்காட்சியைக் காட்ட, நயாகரா நீர்வீழ்ச்சி விருந்தினர் மேலேயே பாய்கிறது. அவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது பாதிச் சிரிப்புதான். மறு பாதி, அந்த மாளிகை நனைவது. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பத்தாண்டு பார்த்த ரசிகர்கள் ஏன் சிரித்தார்கள் என்று விளக்க வேண்டுமா?

அதே ஆண்டு ஜனவரியில் ‘யூ நாட்ஸி ஸ்பை’ வந்தது. யூதரான மோ அதில் ஹிட்லரைக் கேலி செய்தார். சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ அக்டோபரில்தான் திரைக்கு வந்தது.

2012 படத்தில் மூவரும் வளர்ந்த அனாதை இல்லத்தைக் காப்பாற்ற 830,000 டாலர் தேடுகிறார்கள். நல்ல நோக்கம், நல்ல பிள்ளைகள். மோ மட்டும் ‘ஜெர்சி ஷோர்’ என்ற ரியாலிட்டி நிகழ்ச்சிக்குள் புகுந்து அங்குள்ளவர்களை அறைகிறார். அப்பாடா, இலக்கு கிடைச்சிருச்சுன்னு நினைத்தேன். ஆனால் அந்த நிகழ்ச்சிக்காரர்களே வந்து சந்தோஷமாக அறை வாங்கிக்கொள்கிறார்கள். இது கேலியா, விளம்பரமா?

படிவம் நான்கு வகுப்பில் இரண்டிலிருந்தும் சில காட்சிகள் காட்டினேன். இரண்டுக்கும் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், புதுப் படத்துல இவங்களால யாருக்குக் கோபம் வரும்?” ‘நடிப்பு அருமை, ஒளிப்பதிவு அருமை’ என்று அடுக்கும் விமர்சனக் கட்டுரைகளில் நான் தேடுவது இப்படி ஒரு கேள்வியைத்தான்.

படம் முடிந்ததும் இயக்குநர்கள் என்று சொல்லிக்கொண்டு இருவர் வந்து, சுத்தியல் ரப்பரில் செய்தது, வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்கிறார்கள். ஆசிரியையாக எனக்கு நிம்மதி. ஆனால் அதுவரை ஒன்றரை மணி நேரமும் ரப்பர் சுத்தியல் என்று தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.