லைன் நோட்டு

மளிகைக் கடைகளுக்கு லைன் போகும் விற்பனையாளரின் சட்டைப் பையில் மடங்கிக் கிடக்கும் 40 பக்க நோட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம். இன்று ஆர்டர் எல்லாம் செல்போனில் ஏறிவிடுகிறது. ஆனாலும் கெட்டிக்காரர்கள் நோட்டை விடுவதில்லை.

ஒருவருடைய நோட்டில் ஒரு பக்கம் பார்த்தேன். கடைப் பெயர், போன தடவை எடுத்த சரக்கு, பாக்கி. அதற்குக் கீழே: ‘காலை 9 வரை பால் கூட்டம், போகாதே.’ ‘வெள்ளி வசூல் கேட்காதே.’ ‘மதியம் அக்கா கல்லாவில் இருப்பார், சோப்பு ஆர்டர் நிச்சயம்.’ வெள்ளிக்கிழமை கல்லாக் காசை வெளியே விட மனம் வராத கடைக்காரர்கள் நம்மூரில் ஏராளம். அன்று 10.30 முதல் 12 வரை ராகு காலம் வேறு. அந்த நேரத்தில் புதுச் சரக்கை நீட்டுகிற பையன் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவான்.

புதியவர்கள் பேச்சைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த நோட்டுக்காரரோ கூட வந்த பையனிடம், “தம்பி, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அலமாரியைப் பாரு. எது தீர்ந்திருக்கு, எதுல தூசி படிஞ்சிருக்குன்னு எண்ணு” என்றார். தேங்கிய சரக்கின் மேல் இன்னும் தள்ளினால் அது ரிட்டர்னாக வந்து நிற்கும். 1ஆம் தேதி சம்பளக் கூட்டம் வருமுன் கடை நிரம்ப வேண்டும் என்பதால், 25ஆம் தேதிக்கு மேல் பெரிய கடைகளைத்தான் முதலில் சுற்றுவார்.

இரவு எட்டரைக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மறுநாளைய 30 கடைகளை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலால்தான். மழையில் நனைந்தால் பேனா மை கரைந்துவிடுமாம்.